நீலத் தார்ப்பாயில் என் மகன்

வெள்ளிக்கிழமை மத்தியானம். ஜும்ஆ தொழுகை முடிந்து பக்கத்து ஷெட்டின் ஷட்டர் பாதி திறந்திருந்தது. கையில் எலுமிச்சை சாதம் வைத்த டிபன் டப்பாவோடு குனிந்து உள்ளே பார்த்தேன்.

தரையில் நீலத் தார்ப்பாய் விரித்திருந்தது. அதில் வட்டமாக ஆட்கள். லேத் ஓட்டுகிறவர், பேக்கிங் பார்க்கிற இரண்டு பெண்கள், ஒடிசாவிலிருந்து வந்த வெல்டர், வேன் டிரைவர், நடுவில் என்று இல்லாமல் வட்டத்தில் ஒரு ஓரமாக சலீம் பாய். அவர்களோடு சம்மணம் போட்டு என் மகன் தினேஷ்.

அவன் பேசிக்கொண்டிருந்தான்.

என்ன பேசினான் என்று கேட்கவில்லை. கம்ப்ரஸர் ஓடுகிற சத்தம். ஆனால் வாய் அசைவது தெரிந்தது, கை அசைவது தெரிந்தது. யாரும் குறுக்கே பேசவில்லை. சலீம் பாய் தாடியைத் தடவியபடி தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். என் மகன் ஒரு சபையில் பேச, பெரிய மனுஷர்கள் கேட்கிறார்கள்.

வீட்டில் அவன் என்னோடு பேசுவது 'ம்', 'சரி', 'சாப்ட்டேன்'.

டப்பாவைக் கொடுக்காமலே திரும்பி வந்தேன். என் ஷெட்டில் உட்கார்ந்து அந்தச் சாதத்தை நானே தின்றேன். புளிப்பு கூடிவிட்டிருந்தது.

இந்தத் தொடரில் இத்தனை வாரமாக என் தொழிலைப் பற்றி எழுதுகிறேன். சுவருக்கு அந்தப்பக்கம் இருக்கிற சலீம் பாயைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. மறந்துபோய் அல்ல. எழுத மனம் வரவில்லை.

என் ஷெட், அவர் ஷெட்

ஓசூரில் மூக்கண்டப்பள்ளிக்குப் பக்கத்தில், தொழிற்பேட்டையின் பின்வரிசையில் எங்கள் இரண்டு ஷெட்டும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு நிற்கின்றன. இரும்புத் தகட்டை வெட்டி, வளைத்து, இருசக்கர வண்டியின் பிரேக் பெடலைத் தாங்குகிற பட்டை செய்வது என் ஷெட்டின் வேலை. பிராக்கெட் என்பார்கள். ஒரு பெரிய கம்பெனிக்குப் போகிறது. எங்கள் ஷெட் மூச்சு விடுவதே அதனால்தான்.

ஷெட்டை ஆரம்பித்தது என் கணவர். நான் அப்போது தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சாக்பீஸ் பிடித்த கையில் ஷெட் சாவி வந்தது.

சலீம் பாய் அவருடைய சிநேகிதர். குருபரப்பள்ளியில் நெடுஞ்சாலை ஓரம் லாரி டயர் கடை வைத்திருந்த குடும்பம். அந்த நாட்களில் பெரிய கம்பெனிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய், "இனிமே இவங்கதான்" என்று அறிமுகப்படுத்தியவர் அவர். என்னைத் தங்கச்சி என்பார். தினேஷ் அவரை மாமா என்பான்.

நல்ல மனிதர். அதுதான் பிரச்சினை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வெறும் கோபத்தோடு போயிருக்கும்.

பூ கேட்பது

எங்கள் குடும்பம் கெலமங்கலம் பக்கம் விவசாயக் குடும்பம். ராகியும் அவரையும் போட்டவர்கள். கிணறு வெட்டுவது, பெண் கொடுப்பது, மாடு விற்பது எதுவானாலும் ஏரிக்கரை மாரம்மாவிடம் பூ கேட்காமல் செய்வதில்லை. பூசாரி அம்மனின் இரண்டு தோளிலும் பூ வைப்பார். கேள்வியை மனதுக்குள் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். வலப்பக்கப் பூ விழுந்தால் சம்மதம். இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம். எல்லை தாண்டி ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக் குடும்பங்களும் இதே அம்மனிடம் இப்படித்தான் கேட்கும்.

என் கணவர் கோயிலுக்கு வருவார், கும்பிடுவார். தொழில் விஷயத்தில் பூ கேட்டதில்லை.

நான் கேட்டேன். ஒரு முடிவைத் தனியாகத் தலையில் தூக்கிக்கொண்டு நடக்க எனக்குப் பயம். தப்பாகிப் போனால் யார்மேல் சாய்வது? புது ஆள் எடுப்பது, வேன் மாற்றுவது, ஷிப்ட் நேரம் எல்லாவற்றுக்கும் மாரம்மா. பூ விழுந்த அடுத்த கணம் தோள் லேசாகும். அந்த லேசுக்காகவே போவேன்.

ஷெட்டில் எல்லோரும் என்னை அம்மா என்பார்கள். ஒருத்தி பிள்ளைக்குக் காது குத்து என்றால் நான் போவேன். ஆயுத பூஜைக்கு நானே மெஷினுக்கு மெஷின் குங்குமம் வைப்பேன். பொரி, கடலை, சுண்டல், ஆளுக்கு ஒரு எவர்சில்வர் பாத்திரம். ஒரு தாய் எப்படி வீட்டை நடத்துவாளோ அப்படி ஷெட்டை நடத்துகிறேன் என்று எனக்குப் பெருமை உண்டு. மேனேஜ்மென்ட் படித்தவர்கள் இதற்கு என்ன பெயர் வைப்பார்களோ தெரியாது. நான் இதைக் களத்துமேட்டில் என் அப்பாவைப் பார்த்துக் கற்றேன். குடும்பத்துப் பெரியவர் சொல்வார், மற்றவர்கள் செய்வார்கள், பெரியவர் மற்றவர்கள் பசியைப் பார்த்துக்கொள்வார்.

இஞ்சினியரிங் முடித்து தினேஷ் ஷெட்டுக்கு வந்தான். வந்த சில மாதங்களில் ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டான். தகட்டை அழுத்தி வெட்டுகிற பழைய பவர் பிரஸ்ஸைத் தூக்கிவிட்டுப் புதிது வாங்க வேண்டும். புதிய பிரஸ்ஸில் கையை உள்ளே விட்டால் தானாக நின்றுவிடுமாம்.

அந்தப் பழைய பிரஸ் என் கணவர் வாங்கிய முதல் மெஷின். ஆயுத பூஜையில் பெரிய மாலை அதற்குத்தான். அது இறங்கும்போது வருகிற 'தொம்' சத்தம் அவர் நடமாடுகிற சத்தம் மாதிரி எனக்கு.

மாரம்மாவிடம் கேட்டேன். இடப்பக்கம் விழுந்தது.

"அம்மன் வேண்டாம்னுட்டாடா" என்றேன்.

அவன் "சரிம்மா" என்றான். அடுத்த மாதம் பக்கத்து ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். சண்டை எதுவும் இல்லை. காலையில் என் ஸ்கூட்டரின் பின்சீட்டில்தான் வருவான். கேட்டுக்கு முன்னால் இறங்கி, நான் இந்தப்பக்கம் போக, அவன் அந்தப்பக்கம் போவான்.

அவன் திரும்பி வர வேண்டும். இந்த ஷெட்டை அவன் எடுத்து நடத்த வேண்டும். நான் வேறு எதையும் யாரிடமும் கேட்கவில்லை.

மஷூரா

சலீம் பாய் முக்கியமான எதையும் தனியாக முடிவு செய்ய மாட்டார். ஜமாஅத்தில் போய்ப் பழகிய வழக்கம் அது. மஷூரா என்பார்கள், கலந்து ஆலோசிப்பது. அதை அப்படியே ஷெட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். வலப்பக்கத்தில் இருப்பவரிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொருவராகக் கருத்துக் கேட்பார். கேட்டால்தான் சொல்ல வேண்டும். ஒருவர் சொல்லும்போது இன்னொருவர் வெட்டிப் பேசக் கூடாது. எல்லோரும் சொன்ன பிறகு அவர் ஒரு முடிவு சொல்வார். பெரும்பான்மைப் பக்கம்தான் போக வேண்டும் என்றும் இல்லை. முடிவு வந்துவிட்டால் அது எல்லோருடைய முடிவு.

அதில் இரண்டு விஷயங்களைத் தினேஷே ஒரு நாள் எனக்குச் சொல்லியிருக்கிறான், அதிசயமாக வாய் திறந்து.

"நம்ம கருத்தை எடுத்துக்கிட்டா பயப்படணுமாம்மா. எடுத்துக்கலைன்னா சந்தோஷப்படணுமாம்."

"இதென்னடா தலைகீழா இருக்குது?"

"எடுத்துக்கிட்டா பொறுப்பு நம்ம தலையில. இல்லைன்னா தப்பிச்சோம்னு." சிரித்தான். "அப்புறம், காரியம் கெட்டுப்போனா 'நான் அப்பவே சொன்னேன்'னு யாரும் சொல்லக் கூடாது. அது பெரிய தப்பு."

நல்ல விதிதான். நான் முகத்தைச் சுளித்துக்கொண்டே காய் நறுக்கினேன்.

பொறாமைக்காரிக்குக் கண் கூர்மை. சலீம் பாயிடம் குறை தேடினேன். ஒரு டிரில் பிட் மாற்றுவதற்குக்கூட அரை நாள் பேசுகிறார்கள். கம்பெனிக்காரன் அவசரமாகக் கேட்ட ஒரு வேலை, இவர்கள் பேசி முடிப்பதற்குள் பொம்மசந்திராவில் ஒரு ஷெட்டுக்குப் போய்விட்டது. அன்று மாலை நான் சந்தோஷமாகக் காபி குடித்தேன். ஆனால் வேலை போன மறுநாளும் அவருடைய ஆட்கள் சிரித்துக்கொண்டுதான் வந்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு அந்தக் காபியைக் கசக்க வைத்தது.

பச்சைத் தார்ப்பாய்

என் மகன் பேசியதைப் பார்த்த அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நானும் ஒரு தார்ப்பாய் வாங்கினேன். நீலம் வாங்கினால் காப்பி அடித்த மாதிரி இருக்கும் என்று பச்சை.

இரண்டாவது ஷிப்ட் தொடங்கலாமா என்பது பேச வேண்டிய விஷயம். எல்லோரையும் வட்டமாக உட்காரச் சொன்னேன். சமோசா வரவழைத்தேன். பெண்கள் புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஏதோ விசேஷத்துக்கு வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்தார்கள். ஃபோர்மேன் முனிராஜ் கீழே உட்காராமல் நின்றார். உட்காருங்கள் என்று இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

"எல்லாரும் மனசுல இருக்கறதைச் சொல்லுங்க" என்றேன். "முனிராஜ், நீங்க ஆரம்பிங்க."

முனிராஜ் சமோசாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பூ கேட்டாச்சுங்களாம்மா?"

"கேட்டாச்சு."

"எந்தப் பக்கம் வுளுந்துச்சுங்க?"

"வலப்பக்கம்."

முனிராஜ் முகத்தில் நிம்மதி. "மாரம்மா குடுத்துட்டா அப்புறம் நாங்க என்னாத்தச் சொல்றதுங்கம்மா? அம்மனுக்கு மேல பேசுனா நாக்கு அழுவிப்போயிரும்."

"அது சரி, உங்க கருத்து என்ன?"

"அதே கருத்துதானுங்க."

வட்டம் முழுக்க அதே கருத்து. பிரஸ் ஓட்டுகிற மல்லிகா மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பக்கத்தில் இருந்தவள் தொடையில் கிள்ளினாள். மல்லிகா, "சமோசா நல்லாருக்குதுங்கம்மா" என்றாள்.

அந்த நேரம் பார்த்து சலீம் பாய் கேட் வழியாக எட்டிப் பார்த்தார். பச்சைத் தார்ப்பாயையும், அதில் மிரண்டு உட்கார்ந்திருந்த ஜனத்தையும் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, ஷெட்டு ஒழுகுதா? ஆள் அனுப்பட்டுமா?"

முனிராஜ் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை.

தார்ப்பாயோடு மடித்தது

அதற்குப் பிறகு ஒரு நாள் பெரிய கம்பெனியின் பர்ச்சேஸ் ஆள் போன் செய்தார். எங்களிடம் வந்தபோதெல்லாம் பழைய பிரஸ்ஸைப் பார்த்து முகம் சுளித்தவர்.

"மேடம், மனசுல வெச்சுக்காதீங்க. பிராக்கெட்டை உங்க பக்கத்து ஷெட்டுக்கு மாத்தலாம்னு அவர்கிட்ட கேட்டிருந்தோம். அவர் வேண்டாம்னுட்டார். அதனால உங்ககிட்டயே ஓடட்டும். ஆனா அந்தப் பிரஸ்ஸை ஏதாவது பண்ணுங்க."

போனை வைத்தேன். பிராக்கெட் போனால் ஷெட்டே இல்லை. அது போக இருந்தது, எனக்குத் தெரியாமல், ஒரு சுவருக்கு அந்தப்பக்கம்.

சலீம் பாயிடம் போனேன். நன்றி சொல்லத்தான் போனேன். வாயில் வந்தது வேறு.

"ஏன் பாய் எங்கிட்ட சொல்லலை?"

"இல்லாமப் போன விசயம் தங்கச்சி. சொல்லி உங்களைக் கலங்கடிக்கறதா?" கிளாஸில் புதினா டீ ஊற்றினார். "போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை மஷூராவுல வெச்சேன். பக்கத்துல இருக்கறவங்க அடுப்பை அணைச்சு நாம சமைக்க வேணாம்னுதான் எனக்குப் பட்டுச்சு. எங்க மார்க்கத்துல அண்டை வீட்டுக்காரங்க உரிமைங்கறது சின்ன விசயமில்ல. எல்லாரும் அப்படியேதான் சொன்னாங்க. ஒருத்தர் மட்டும் எடுக்கலாம்னாரு."

"யாரு?"

"அது தார்ப்பாயோட மடிச்சு வெச்சாச்சு." சிரித்தார். "அங்க பேசுனது வெளிய வரக்கூடாது. நம்பி ஒப்படைச்சது, அமானிதம்."

ஒரு வெள்ளிக்கிழமை. டீ கை சுட்டது. எலுமிச்சை சாதம் ஞாபகம் வந்தது. அன்று பேசிய என் பிள்ளை, யார் என்ன சொன்னாலும் என் பக்கம்தானே பேசியிருப்பான் என்று தோன்றியது. அம்மாவின் வேலையைத் தொடாதீர்கள் என்று அந்தக் கையை அசைத்துச் சொல்லியிருப்பான். அப்படி நினைத்தபோது அந்த மாதம் முழுக்க இருந்த எரிச்சல் தணிந்து, நெஞ்சு நிறைந்தது.

சாயங்காலம் அவனுக்குப் பிடித்த அவரைக்காய்க் குழம்பும் களியும் கிண்டினேன்.

அவரைக்காய்க் குழம்பு

"பிராக்கெட் விசயம் தெரியும்டா" என்றேன். "எல்லாரும் என் பக்கம் பேசினீங்களாம். ஒருத்தர் மட்டும் எடுக்கலாம்னாராம். அது அந்த வெல்டரா?"

களியை உருட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"அவர் இல்லம்மா."

"வேன் டிரைவரா? அவனுக்கு ஆரம்பத்துல இருந்தே..."

"நான்தான்."

முதலில் எனக்கு அது புரியவில்லை. குழம்பு ஊற்றப் போனேன்.

"எடுக்கலாம்னு சொன்னது நான்தாம்மா. மத்தவங்க சொன்னதை வெளிய சொல்லக் கூடாது. நான் சொன்னதை நான் சொல்லலாம்."

"பெத்தவ வேலையைப் புடுங்கிக்கச் சொன்னியா?"

"அந்தப் பிரஸ்ஸுல அது ஓடக் கூடாது. ஒரு நாள் யாரு கையாவது போவும். மாமாகிட்ட புது பிரஸ் இருக்குது. அதுல ஓடட்டும்னேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னேனே. நீங்க பூ கேட்டீங்க."

நான் எழுந்துவிட்டேன். சிங்கில் குழாயைத் திறந்துவிட்டு, கழுவ எதுவும் இல்லாமல் நின்றேன்.

"உன் பேச்சை அவர் கேக்கலையே" என்றேன், முதுகைக் காட்டிக்கொண்டு. குத்த வேண்டும் என்றே சொன்னேன்.

"ஆமா, கேக்கலை" என்றான். அவன் குரலில் கொஞ்சமும் வருத்தம் இல்லை. "மாமா வேண்டாம்னு முடிவு சொன்னாரு. சரின்னுட்டேன். அதுலயும் ஒரு நியாயம் இருக்குது."

அதுதான் என்னைத் தூங்க விடாமல் செய்தது. அவன் எனக்கு எதிராகப் பேசியதுகூட இரண்டாம்பட்சம்தான். நான் அவன் பேச்சைக் கேட்காதபோது 'சரிம்மா' என்று சொல்லிவிட்டு ஷெட்டை விட்டே போனான். அவர் கேட்காதபோது சிரித்துக்கொண்டு சரி என்றான். நானும் பாயும் செய்தது ஒன்றே. ஒருவருக்கு மகன் கிடைத்தான். அது நான் இல்லை.

தொம், தொம்

அந்த வாரக் கடைசியில் அது நடந்தது.

பவர் பிரஸ்ஸின் பெடலை ஒரு தரம் மிதித்தால் அது ஒரு தரம் இறங்கி ஏறி நிற்க வேண்டும். நான் முனிராஜோடு நின்று பேசிக்கொண்டிருந்தேன். தொம். வழக்கமான சத்தம். உடனே ஒட்டினாற்போல் இன்னொரு தொம்.

மல்லிகா கத்தவில்லை. அதுதான் பயம். அவள் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள். கையுறையின் நுனி அச்சுக்குள் மாட்டியிருந்தது. நடுவிரலும் மோதிர விரலும் இருக்க வேண்டிய இடம் தகடு மாதிரி நசுங்கியிருந்தது.

அது பெரிய சைஸ் கையுறை. அவள் அளவு தீர்ந்துபோய், ஆண்களுடையதைப் போட்டிருந்தாள். நுனியில் விரல் இல்லை. வெறும் துணி.

நான் ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தேன். முனிராஜ்தான் அவள் கையைக் கையுறையிலிருந்து உருவினார். சத்தம் கேட்டுப் பக்கத்து ஷெட்டிலிருந்து ஓடிவந்தார்கள். சலீம் பாய் மல்லிகாவைத் தன் ஷெட்டுக்கு அழைத்துப்போய்த் தார்ப்பாயில் உட்கார வைத்தார். நான் பின்னால் போனபோது, அவள் அவரிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"முன்னயே ரெண்டு மூணு தரம் தானா எறங்குச்சுங்க பாய். நானு கையைப் பட்டுனு எடுத்துருவேன். இன்னிக்கி ஏமாந்துட்டேன்."

நான் அவள் முன்னால் குந்தினேன். "ஏண்டி எங்கிட்ட சொல்லலை?"

"அய்யா வாங்குன மெசினுங்கம்மா. சொன்னா அம்மா மனசு சங்கடப்படுவீங்கன்னு..." அழுதாள். "அன்னிக்கி சமோசா குடுத்தப்ப சொல்லலாம்னு வாயெடுத்தேனுங்க. அம்மாவுக்கு எதுக்குடி கஸ்டம்னு கிள்ளிட்டா."

பிள்ளைகள் தாயிடம் எதை மறைப்பார்களோ அதைத்தான் என்னிடம் மறைத்திருக்கிறார்கள். கெட்ட செய்தியை. அவ்வளவு பாசம். அதே பாசத்தில் அவள் விரல் போயிருக்கும். அந்த நிமிஷத்திலும் என் கண், மல்லிகாவின் கையில் இருந்த சலீம் பாய் வீட்டு டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தது.

தினேஷ் என் பக்கத்தில் வந்து நின்றான். நான் காத்திருந்தேன். 'நான் அப்பவே சொன்னேன்' என்று சொல்வான். சொல்லட்டும், திட்டட்டும், நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை கத்துவேன், அப்படியாவது எனக்கும் அவனுக்கும் நடுவில் ஏதாவது நடக்கும்.

அவன் சொல்லவில்லை. என் தோளில் கை வைத்து, "வாங்கம்மா, தண்ணி குடிங்க" என்றான்.

எவ்வளவு நல்ல பிள்ளை. அந்த நல்ல பழக்கத்தை அவனுக்கு யார் பழக்கினார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அவன் கையைத் தோளிலிருந்து தள்ளிவிடவும் தோன்றியது, பிடித்துக்கொள்ளவும் தோன்றியது. பிடித்துக்கொண்டேன்.

ஏரிக்கரையில்

பிரஸ் நின்றதால் பிராக்கெட்டும் நின்றது. கம்பெனிக்கு என்ன சொல்வது? பழையதை விற்பதா, பழுது பார்ப்பதா? பயம் வந்தால் எனக்குப் போக ஒரு இடம்தான் தெரியும். செவ்வாய்க்கிழமை காலை கெலமங்கலத்துக்குக் கிளம்பினேன். தினேஷ் வண்டியை எடுத்தான். "நான் ஓட்டறேன், நீங்க பின்னால உக்காருங்க."

ஏரியில் பாதித் தண்ணீர். கோயிலில் நாங்கள் இருவர்தான். பூசாரி அரளிப் பூவை அம்மனின் இரண்டு தோளிலும் வைத்தார். "கேள்ரம்மா" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, தீபத்துக்கு எண்ணெய் எடுக்கப் பின்கட்டுக்குப் போனார்.

கேள் என்றால் கேட்க வேண்டும். கண்ணை மூடினேன். என்ன கேட்பது? பிரஸ்ஸை விற்கட்டுமா என்றா? நசுங்கிய கையுறை கண்ணுக்குள் வந்தது. இடப்பக்கம் விழுந்தால் திரும்பவும் மல்லிகாவை அதன் முன்னால் நிறுத்துவேனா? நிறுத்த மாட்டேன். அப்படியானால் அம்மனிடம் கேட்பதே பொய். பதிலை மடியில் கட்டிக்கொண்டு வந்து கேட்பது அவளுக்கும் அவமானம். பச்சைத் தார்ப்பாயில் நான் செய்ததும் அதைத்தான்.

கண்ணைத் திறந்து திரும்பினேன். தினேஷ் தூணோரம் நின்றிருந்தான்.

"நீ என்னடா சொல்றே?"

"எதை?"

"என்ன பண்ணலாம்? உன் கருத்து."

அவன் அம்மனைப் பார்த்தான். சந்நிதியில் நின்று பேசலாமா என்ற தயக்கம். பிறகு பேச ஆரம்பித்தான்.

பழைய பிரஸ்ஸைத் திரும்ப ஓட்டவே கூடாது. விற்கவும் வேண்டாம், வாங்குகிறவன் யாரையாவது அதன் முன்னால் நிறுத்துவான். கழற்றிவிட்டு, அப்பாவின் நினைவுக்கு அதன் பெரிய சக்கரத்தை மட்டும் வாசலில் வைத்துக்கொள்ளலாம். புதியது வரும்வரை பிராக்கெட்டை மாமா ஷெட்டில் நம் ஆட்களை வைத்தே ஓட்டலாம். மாமா வாங்கிக்கொள்ளத்தான் மாட்டேன் என்றார், ஓட்டிக்கொடுக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. மல்லிகாவுக்குக் கொஞ்ச நாள் பேக்கிங் கொடுக்கலாம். இரண்டாவது ஷிப்ட் பெண்களுக்குச் சரிவராது, பஸ் இல்லை. நம் ஷெட்டிலும் ஆட்கள் பேச வேண்டும், ஆனால் நீங்கள் உட்கார்ந்திருந்தால் பேச மாட்டார்கள், ஆரம்பத்தில் நீங்கள் வெளியே இருங்கள். பேசிக்கொண்டே போனான். கை அசைந்தது, அன்று ஷட்டருக்கடியில் பார்த்த மாதிரியே. அப்பாவைப் போலவே வலது கையை மட்டும் அசைக்கிறான். அன்று தூரத்திலிருந்து அது தெரியவில்லை.

நான் குறுக்கே பேசவில்லை. பேச வந்தபோதெல்லாம் முந்தானையைக் கடித்துக்கொண்டேன்.

"புதுசு வந்து பொருத்தற அன்னிக்கி நான் வந்துடறேன்" என்றான் கடைசியில். "மாமாகிட்ட சொல்லிட்டுத்தான் வரணும்."

'மாமாகிட்ட சொல்லிட்டு' என்பது முள் மாதிரி குத்தியது. இருக்கட்டும்.

பூசாரி எண்ணெயோடு திரும்பி வந்தார். அம்மனின் தோளைப் பார்த்தார். இரண்டு பக்கமும் பூ இல்லை. இரண்டும் பாதத்தில் கிடந்தன.

"எது முதல்ல விழுந்துச்சு?" என்று கேட்டார்.

நானும் தினேஷும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இருவருமே பார்க்கவில்லை.

"மறுபடி வைக்கட்டுமா?"

"வேண்டாம் சாமி" என்றேன். அந்தப் பூ இரண்டையும் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில் ரோஜாத் தோட்டத்து வெள்ளைக் கூடாரங்கள் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன. நெடுநேரம் அடக்கிப் பார்த்தேன். முடியவில்லை. பின்சீட்டிலிருந்து அவன் காதருகே குனிந்து கேட்டேன்.

"அன்னிக்கி பாய் ஷெட்டுல பேசுனியே, அங்கயும் இவ்வளவு நேரம் பேசினியா?"

கண்ணாடியில் அவன் சிரிப்பது தெரிந்தது.

"அங்க ஆளுக்கு ரெண்டு நிமிசம்தாம்மா."

இப்போது தினமும் காலையில் என் பிராக்கெட் தகடுகள் தள்ளுவண்டியில் பக்கத்து ஷெட்டுக்குப் போகின்றன. பார்க்கும்போதெல்லாம் வயிற்றில் ஒரு சூடு எழுகிறது. அங்கே அவனுக்கு ரெண்டு நிமிசம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, என் ஷெட்டைத் திறக்கிறேன்.